எட்டு வீட்டுத் தண்ணி

மங்கலம் ரோட்டில் எங்கள் லைன் வீடு.
எட்டுக் கதவு, ஒரே குழாய்,
துவைக்கிற கல் இரண்டு.
நல்ல தண்ணி ஒன்பது நாளைக்கொருக்கா.
சண்டை தினமும்.

வருகிற தண்ணிக்கல்ல,
போகிற தண்ணிக்கு.

"உங்க சோப்புத் தண்ணி எம்பட வாசல்ல நிக்குதுங்க"
என்பாள் மூன்றாம் வீட்டுத் துளசிமணி.
"வாசலைத் தூக்கி வெச்சுக்குங்க"
என்பாள் ஐந்தாம் வீட்டு ரங்கநாயகி.
எங்கள் பக்கம் அப்படித்தான்,
வசவுக்குப் பின்னாலும் ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டு வரும்.

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை.
நாளைக்கு எண்ணூறு பீஸ்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்.
கண் அதற்கே பழகிப்போய்
ஒரு ஞாயிற்றுக்கிழமை
காம்பவுண்டையும் புரட்டிப் பார்த்தது.

அரைக் குடம் தண்ணியைச் சாய்த்துவிட்டு
பின்னாலேயே நடந்தேன்.
யார் வாசலென்று கேட்காமல்
வளைந்து, தயங்கி,
கக்கூஸ் சுவருக்குப் பின்னே
உடைந்த பக்கெட்டுகள் கிடக்கும் மூலையில்
போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த மூலைக்கு
சித்திரையில் எத்தனை மணிக்கு வெயில்,
மார்கழியில் எத்தனை மணிக்கு,
சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வந்தேன்.
"பீஸ் கணக்கா அக்கா?" என்றான்
ஏழாம் வீட்டு ஒடிசாக்காரன் பிபின்.
வெயில் கணக்கு என்றேன்.
சிரித்தான். மறுநாள்
நான் ஷிப்டுக்குப் போன நேரத்துக் கோட்டை
அவன் போட்டிருந்தான்.

ஒரு வருசம் கையை வைக்காமல் பார்த்தோம்.
அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

பிறகுதான் குழி, இடுப்பளவுக்கு.
அடியில் தேங்காய் மட்டை,
எட்டு அடுப்படியின் தோலும் தொப்பையும்,
கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட்.
கரையைச் சுற்றி மொந்தன் வாழை மூன்று,
ஒரு பப்பாளி, ஈரம் தங்குமிடத்தில் சேம்பு.
கல்லிலிருந்து குழிவரை
ஒரு விரல் சரிவில் வாய்க்கால்.

ஓனர் சென்னியப்பன்
புல்லட்டை ஆஃப் பண்ணாமலே சொன்னார்:
"கொசு வந்துதுன்னா அட்வான்ஸுல புடிச்சுப்போடுவேன்,
பாத்துக்க."

கொசு வரவில்லை. வாழையும் வரவில்லை.
இலை ஓரம் கருகி, குருத்து சுருண்டு நின்றது.
குழியைக் கிளறினேன்.
பருத்தி முழுக்க மண்ணாகியிருந்தது.
பாலியஸ்டரும் இடுப்பு எலாஸ்டிக்கும்
போட்டது போட்டபடி.
ரிஜெக்ட் பீஸைத் தனியே எடுத்து வைப்பதில்
மண் என்னைவிடக் கெட்டிக்காரி.
அவள் சகிக்காத இன்னொன்று
பிளீச்சிங் பவுடர்.

ஆற்றுக்கே சாயம் ஏற்றிய ஊரில்
ஒரு கைப்பிடி பவுடரா பெரிசு என்றார்கள்.
தண்ணி வந்த ராத்திரி, குடங்களோடு வரிசையில் நிற்கும்போது
பேசிப் பேசி ஒரு மணியானது.
வெள்ளைச் சட்டை போடுகிற ஒரே ஆள்
ரங்கநாயகி வீட்டுக்காரர், மெடிக்கல் ஷாப்பில் கணக்கெழுதுபவர்.
"பழுப்பாப் போனாப் போகுது போங்க" என்றார்.
இவ்வளவு பெரிய சொல்லை
அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்த ஆடிக்காற்றில்
தார் கனம் தாங்காமல் சாய்ந்தது ஒரு வாழை.
குழியில் கிடைத்த எலாஸ்டிக்கைக் கழுவி
முட்டுக் கட்டினேன்.
காற்றுக்கு இழுத்துக் கொடுத்து
திரும்ப வாங்கிக்கொண்டது அது.

அறுபத்தொரு காய்.
எட்டால் வகுபடாத எண்.
ஆளுக்கு ஏழு போக மிச்சம் ஐந்தை
சென்னியப்பன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.
வாடகை ஏற்றுவார் என்று துளசிமணிக்கு பயம்.
ஏற்றினார், முந்நூறு.
ஆனால் வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு வந்து
குழியோரம் குந்தி உட்கார்ந்து
வெகுநேரம் எதையும் தொடாமல் பார்த்தார்.
"பக்கக் கன்னு ஒண்ணு குடுங்க" என்றார்.

ஒடுங்கா அது காதில் விழுந்ததும்
நானும் ரங்கநாயகியும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை,
சிரித்துவிடுவோமென்று.

இப்போதும் காலையில் சண்டை உண்டு.
"ஏனுங்க, ரெண்டு நாளா உங்க வீட்டுத் தண்ணியக் காணோம்,
எந்தப் பக்கம் திருப்பிவுட்டீங்க?"